மாப்பிள்ளையின் விமானத்துக்கு நான் எடுத்த இஞ்சின்

சத்தம் இல்லாத சாமானை எங்கள் பக்கம் யாரும் விலை கேட்க மாட்டார்கள். சரவெடியின் மேல்தாள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், வாங்க வருகிறவர் பொட்டலில் ஒன்றைக் கொளுத்திப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். கொளுத்தும்போது நான் வெடியைப் பார்க்க மாட்டேன். வந்தவரைத்தான் பார்ப்பேன். அவர் தோள் ஒரு குலுக்குக் குலுங்கினால் ஆர்டர் உண்டு. சும்மா நின்றால் காபியைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் காலமான பிறகு சிவகாசிப் பக்கத்தில் இருந்த எங்கள் சின்னப் பட்டாசுக் கம்பெனியை நான் இப்படித்தான் நடத்தினேன். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிப்பேன், அவ்வளவுதான். (இதை எழுதி முடிக்கவே ஒரு கோடைகாலம் போய்விட்டது. மகள் திருத்தித் தருகிறேன் என்றாள். எழுத்தைத் திருத்து, என் பேச்சைத் திருத்தாதே என்று சொல்லிவிட்டேன்.) ஆனால் காது விஷயத்தில் என்னை ஒருவரும் குறை சொன்னதில்லை. மருந்து ஈரம் பட்டிருக்கிறதா, திரி சரியாக ஏறியிருக்கிறதா என்பதையெல்லாம் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

அந்தக் காதை நம்பித்தான், மாப்பிள்ளை செய்த பொம்மை விமானத்துக்கு இஞ்சின் எடுத்துக் கொடுத்தேன்.

இது நடந்தது செல்போன் கைக்கு அடக்கமாக வந்துவிட்ட காலம். அதுவரை நாங்கள் பெரிய கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கிறவர்களாகவே இருந்தோம். வெடி எங்களுடையது, மேலே ஒட்டுகிற லேபிள் அவர்களுடையது. என் மகன் காளிராஜ் தலையெடுத்ததும் அவனுக்கு அது பிடிக்கவில்லை. "எத்தன வருசம்மா அடுத்தவன் சட்டையைப் போட்டு நம்ம பிள்ளைய அனுப்புறது?" என்றான். அச்சாபீஸில் சொல்லி ஒரு லேபிள் வரைந்து வாங்கினான். இரண்டு மாடி றெக்கை வைத்த பழைய காலத்து விமானம் ஒன்று, நல்ல சிவப்பில் மஞ்சள் பட்டை போட்டு, மேகத்துக்குள் வட்டம் அடிக்கிறது. பெயர் விமானம் மார்க்.

நாக்பூரில் இருந்து ஒரு சேட் வருடாவருடம் ஆர்டர் கொடுக்கச் சிவகாசிக்கு வருவார். பெரிய வியாபாரி. பல வருடம் வந்து போனதில் கொஞ்சம் தமிழும் பேசுவார். அவர் எங்கள் புது லேபிளை எடுத்தால் அந்த சீசன் லோடு முழுக்க எங்கள் பெயரில் வடக்கே போகும். எடுக்காவிட்டால் பழையபடி அடுத்தவர் லேபிளுக்குள் எங்கள் வெடி. காளிராஜுக்குச் சோறு இறங்கவில்லை. "நூறு லேபிள் பாத்திருப்பாரும்மா அவரு. நம்மளத அவரு மறக்கவே கூடாது" என்று சொல்லிக்கொண்டே திரிந்தான்.

அந்த நேரத்தில்தான் மகள் மாரிச்செல்வியும் மாப்பிள்ளை அசோக்கும் பெங்களூரில் இருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் காரியாபட்டி. வேலை கம்ப்யூட்டரில். பொழுதுபோக்கோ ரிமோட்டில் ஓடுகிற பொம்மை விமானம் கட்டிப் பறக்கவிடுவது. (கல்யாணமான புதிதில் அவர் வீட்டு அலமாரியில் ஒன்றைப் பார்த்துவிட்டு, பிள்ளை பிறக்கும் முன்னாலேயே பொம்மை வாங்கி வைத்திருக்கிறாரே, எவ்வளவு ஆசை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.)

"மச்சான், இந்த லேபிள்ல இருக்கிற விமானத்தையே செஞ்சு, சேட் முன்னால பறக்கவிட்டா எப்படி இருக்கும்?" என்று காளிராஜ் கேட்டான்.

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த லீவெல்லாம் எங்கள் விருதுநகர் வீட்டு மாடியில்தான். தீக்குச்சி மரத்தைவிட லேசான ஒரு கட்டையை வெட்டி, ஒட்டி, மேலே வழுவழுவென்று தாள் போர்த்தி, நான் இரண்டு கையையும் விரித்தால் வருகிற அகலத்துக்கு ஒரு விமானம் கட்டினார். அதே சிவப்பு, அதே மஞ்சள் பட்டை. உள்ளே ஓட்டுகிற ஆள்கூட உண்டு, கட்டைவிரல் உயரத்தில், மீசையோடு. லேபிளில் இருந்து இறங்கி வந்தது போலவே இருந்தது.

நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். கம்பெனிப் பக்கம் அது தலைகாட்டக் கூடாது. மருந்து கிடக்கிற இடத்தில் இஞ்சின் எதற்கு? மல்லாங்கிணறு பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாயில் பறக்கவிடுவது என்று முடிவானது. அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

ஒருநாள் காலையில் வீட்டுக் கொல்லையில் மேஜையைப் போட்டு, இஞ்சினைப் பலகையில் முடுக்கி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. இஞ்சின் என்றால் கைக்குள் அடங்குகிற சாமான்தான். ஆமணக்கெண்ணெய் வாசம் கொல்லை முழுக்க அடித்தது. நான் காபியோடு போய் நின்றேன்.

"இது நாலு ஸ்ட்ரோக்கு அத்தை" என்று சொல்லிச் சுண்டிவிட்டார். முன்னால் மாட்டியிருந்த நீளமான காத்தாடி சாவகாசமாகச் சுற்றியது. தூரத்துத் தோட்டத்தில் ஆயில் இஞ்சின் ஓடுவது போல டப் டப் டப் என்று ஒரு சத்தம்.

"என்ன மாப்ள, இதுக்கு மேலுக்குச் சரியில்லையா?"

"இல்லத்தே, இதோட சத்தமே இதான். நெச விமானம் இப்படித்தான் உறுமும்."

"எனக்கு இருமுறது மாதிரில்ல கேக்குது."

பக்கத்தில் அதைவிடப் பெரிய இன்னொரு இஞ்சின் இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். பெங்களூரில் கட்டிக்கொண்டிருக்கிற வேறொரு பெரிய விமானத்துக்காம், சரிபார்க்கக் கொண்டுவந்திருந்தாராம். அதையும் ஓட்டிக் காட்டச் சொன்னேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.) அதற்குச் சின்னக் காத்தாடி. சுண்டியதுதான் தாமதம், மர அறுவை மில் ஒன்று கொல்லைக்குள் வந்து விழுந்தது போல் ஒரு அலறல். வேப்பமரத்துக் காக்காயெல்லாம் ஊரைக் காலி செய்தன. பக்கத்து வீட்டில் ஏதோ ஈயப்பாத்திரம் உருண்டது. என் தோள் குலுங்கியது. எனக்கே ஆர்டர் கொடுக்கலாம் போல் இருந்தது.

"மாப்ள, இதைப் போடுங்க."

அவர் இஞ்சினை நிறுத்திவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பொறுமையாகச் சொன்னார். "அத்தை, சின்னக் காத்தாடி வேகமாச் சுத்துனா சத்தந்தான் ஜாஸ்தி. பெரிய காத்தாடி மெதுவாச் சுத்துனாத்தான் நெச விமானம் மாதிரி நிதானமாப் போகும், பெருசா வட்டம் அடிக்கும். எடையைவிட இழுவை கொஞ்சம் கூட இருந்தாப் போதும், நெட்டுக்குத்தா ஏறிரும். அதுக்கு மேல குடுத்தா அது விமானம் இல்லத்தே, ராக்கெட்டு."

"ராக்கெட்டுன்னா அம்புட்டு எளக்காரமா? அத வித்த காசுலதான் உங்க பொண்டாட்டி காலேஜு படிச்சா."

மகள் உள்ளே இருந்து சத்தம் போட்டாள். "எம்மா, சும்மா இரேன்! அது அவரு வேலை."

"நான் என்னடி சொல்லிட்டேன்? ஒரு வார்த்தை கேக்கத்தான செஞ்சேன்."

இங்கே எங்கள் மாப்பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் மட்டும் அவருக்கு "இல்லை", "வேண்டாம்" என்ற சொற்கள் வராது. தலைத் தீபாவளிக்கு வந்தபோது நான் இலையில் வைக்க வைக்கச் சாப்பிட்டுவிட்டு, அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தவர். அங்கேயும் நான் போய் "சாப்பிட்டீகளா மாப்ள?" என்று கேட்டதற்கு "கொஞ்சம் போல குடுங்கத்தே" என்றவர். அப்படிப்பட்டவர் அன்றைக்கு இரண்டு இஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். "அத்தை சொல்றாகன்னா..." என்று இழுத்தார்.

காளிராஜ் முடித்துவைத்தான். "போட்டிருங்க மச்சான். அம்மா காது தப்பாது."

பெரிய இஞ்சின் ஏறியதும் விமானத்தின் மூக்கு தாழ்ந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்த வித்தை. ராக்கெட்டுக்குக் குச்சி கட்டும்போது விரல்மேல் வைத்து நிறுத்திப் பார்ப்போம், ஒரு பக்கம் சாய்ந்தால் குச்சியை மாற்றுவோம். மாப்பிள்ளையும் அதேபோல் விமானத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வாலுக்குக் கனம் வேண்டும் என்று ஈயத்துண்டு தேடினார். நான் போய்த் தராசில் இருந்த சின்னப் படிக்கல் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தேன். வாலுக்குள் வைத்து ஒட்டினார்.

"இப்ப மூக்கும் கனம், வாலும் கனம் அத்தை. றெக்கை என்னமோ அதே றெக்கைதான். இனி இது மெதுவாப் போனா மேல நிக்காது. வேகமாப் போகணும்."

"அதுக்குத்தான பெரிய இஞ்சின் போட்டிருக்கோம்?" என்றேன்.

அவர் பசை டப்பாவை மூடினார். (என்ன ஒரு பதில் சொல்லிவிட்டோம் என்று அன்றைக்கு எனக்குத் தாங்க முடியாத பெருமை. அந்த இஞ்சின் வந்ததால்தான் அந்தக் கனமே வந்தது என்பது உறைக்க ரொம்ப நாள் ஆனது.)

சேட் வருவதற்கு முதல்நாள் ஒருதரம் பறக்கவிட்டுப் பார்த்துவிடலாம் என்றார். அதற்கும் குறுக்கே விழுந்தேன்.

"நல்லாயிருக்கே! சாம்பிள முன்னாடியே கொளுத்திட்டா சேட்டுக்கு எதக் காட்டுறது?"

"இது கொளுத்துற சாமான் இல்லத்தே. திரும்பத் திரும்பப் பறக்கும்."

"எதுவா இருந்தாலும் முதல் சத்தம் வாங்க வந்தவுக காதுலதான் விழணும் மாப்ள. எங்க தொழில்ல அதான் முறை."

அத்தை சொல்லிவிட்டேன். அப்படியே ஆனது.

சேட் வந்த அன்றைக்குக் கண்மாய்க்குள் துணிப்பந்தல் போட்டு, நாற்காலி வரிசை வைத்து, மோர் எல்லாம் ஏற்பாடு. கம்பெனி ஆட்களும் வந்திருந்தார்கள். எதிரே கரை நெடுக சீமைக்கருவேலம். நான் அரக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு பந்தலுக்கு வெளியே நின்றேன். உட்காரவில்லை. அப்போதே எனக்கு முழங்காலில் வலி. உட்கார்ந்தால் எழுப்பிவிட ஒரு ஆள் வேண்டும்.

சேட் வெள்ளை சஃபாரியில் வந்து இறங்கினார். "அம்மா, வணக்கம். பிளேன் எங்கே?" என்றார். காளிராஜ் லேபிளையும் விமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். சேட் மீசைக்கார ஓட்டுநரைக் குனிந்து பார்த்துச் சிரித்தார். காளிராஜின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு களை வந்தது.

மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "அத்தை, அந்த நாலு ஸ்ட்ரோக்கப் பெட்டியில கொண்டாந்திருக்கேன். சேட் மோர் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மாத்திருவேன்."

"சேட் உக்காந்தாச்சு மாப்ள. சாமியக் கும்பிட்டு விடுங்க."

இருக்கன்குடி மாரியம்மன் திருநீறை எடுத்து விமானத்தின் மூக்கிலும் அவர் நெற்றியிலும் பூசிவிட்டேன்.

இஞ்சின் அலறியது. கண்மாயில் மேய்ந்த ஆடெல்லாம் கரையேறி ஓடின. பிடியை விட்டதும் விமானம் நேராகப் போகாமல் இடதுபக்கம் கோணிக்கொண்டு, முதல்முறை வண்டியில் பூட்டிய காளை போல் ஓடி, திடுதிப்பென்று ஆகாயத்தில் இருந்தது. அதற்கு மேல் நான் வழக்கம்போல் அதைப் பார்க்கவில்லை. சேட்டைப் பார்த்தேன். அவர் தோள் குலுங்கியது. ஒரு தடவை அல்ல, நிற்காமல் குலுங்கியது. "அரே வா!" என்றார். ஆர்டர் முடிந்தது என்று நான் மனதுக்குள் லோடு ஏற்ற ஆரம்பித்துவிட்டேன்.

பிறகுதான் கவனித்தேன். சேட்டின் கழுத்து இங்கும் அங்கும் வெட்டி வெட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். லேபிளில் மேகத்துக்குள் ராஜா மாதிரி வட்டம் அடித்த விமானம், மேலே, மாம்பழத்தைக் கண்ட ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. வட்டமெல்லாம் சின்னச் சின்னதாக, கண் பிடிப்பதற்குள் முடிந்து போயின. சிவப்பும் தெரியவில்லை, மஞ்சளும் தெரியவில்லை, மீசை எங்கே தெரியும்?

"மச்சான், மெதுவா விடுங்க! சேட்டுக்கு ஒண்ணும் தெரியல!" என்று காளிராஜ் கத்தினான்.

"மெதுவா விட்டா விழுந்துரும் காளி!"

"அப்ப வேகமா விடுங்க!"

"வேகமா விட்டாப் பிஞ்சிரும்!"

இரண்டில் எது முதலில் நடக்கும் என்றுதான் பாக்கி. உயரத்தில் இருந்து கீழ்நோக்கிப் பாய்ந்து வந்தபோது மேல்மாடி றெக்கை படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு நொடியில் அது தனியாகக் கழன்று, ஆற அமர மிதந்து போய்க் கருவேல மரத்தில் உட்கார்ந்தது. மிச்சம் இருந்த விமானம் நேரே பந்தலைப் பார்த்து வந்தது.

"எல்லாரும் படுங்க!" என்று மாப்பிள்ளை அலறினார். வாழ்நாளில் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எல்லோரும் படுத்தார்கள். சேட், காளிராஜ், மகள், மோர் ஊற்றுகிறவர், கம்பெனி ஆட்கள், ஒருவர் பாக்கியில்லை. நான் நின்றேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். படுத்தால் எழுந்திருக்க முடியாது, சேலையும் புதுசு. நெற்றியில் கையை வைத்து, வெயிலை மறைத்துக்கொண்டு, அது எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் காதோரமாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போய், பந்தலின் முன்கயிற்றை அறுத்துவிட்டு, மண்ணில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, படுத்திருந்த எல்லோர் மேலும் போர்வை போல் விழுந்தது.

இஞ்சின் அடங்கிவிட்டது. துணிக்கு அடியில் இருந்து சேட்டின் குரல் மட்டும் "அம்மா! அம்மா!" என்று வந்தது. என்னைக் கூப்பிட்டாரா, அவரைப் பெற்றவளைக் கூப்பிட்டாரா, தெரியாது. எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. வந்த விருந்தாளியைக் கவனிக்காமல் நிற்க முடியுமா?

"சேட்ஜி, சத்தம் எப்படி?" என்று கேட்டேன்.

மகள் துணிக்கு அடியிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த இடம் துணியில் துள்ளியது.

ஆட்கள் பந்தலைத் தூக்கினார்கள். சேட்டின் வெள்ளை சஃபாரி கண்மாய் நிறத்துக்கு வந்திருந்தது. எழுந்து உட்கார்ந்து முதலில் விமானத்தைப் பார்த்தார். பிறகு காளிராஜ் கையில் கசங்கிப் போயிருந்த லேபிளைப் பார்த்தார்.

"நை பேட்டா. பிளேன் மார்க் வேணாம். முதல் நாளே விழுந்தாச்சு. விழுந்த மார்க் கடையில் வெச்சா வியாபாரம் விழும்."

எங்கள் தொழிலில் லேபிளுக்கு ராசி போய்விட்டால் போனதுதான், உள்ளே எவ்வளவு நல்ல வெடி இருந்தாலும் சரி. காளிராஜ் லேபிளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். மாப்பிள்ளை சற்றுத் தள்ளி, கையில் ரிமோட்டோடு, பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி தலையைக் குனிந்து நின்றார். இஞ்சின் எடுத்தது அத்தைதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானே முன்னால் போனேன்.

"சேட்ஜி, மாப்பிள்ளை மேல தப்பில்ல. அந்த இஞ்சினப் போடச் சொன்னது நாந்தான். சத்தம் நல்லாயிருந்துச்சு."

சேட் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அப்போதும் என் கை நெற்றியில்தான் இருந்தது. எடுக்க மறந்துவிட்டேன்.

"பிளேன் விழுந்தது. பந்தல் விழுந்தது. நான் விழுந்தேன். எல்லாரும் விழுந்தாங்க. அம்மா விழல." காளிராஜ் பக்கம் திரும்பினார். "அம்மாவைப் போடு லேபிளில். இதேபோல் கை வெச்சு. நான் லோடு எடுக்கிறேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். மறுநாள் அச்சாபீஸுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். விருதுநகரில் ஒரு ஸ்டுடியோவில் அதே அரக்குச் சேலையில், நெற்றியில் கையோடு என்னைப் படம் எடுத்தார்கள். அச்சாபீஸ் ஓவியர் தன் பங்குக்குக் கன்னத்தில் ரோஸ் பூசி, தலைக்குப் பின்னால் ஏழெட்டு வெடி வெடிப்பது போல் வரைந்து, என் வயதில் பாதியைக் கழித்துக்கொண்டார். (அதற்கு நான் ஆட்சேபம் சொல்லவில்லை.) அம்மா மார்க். அந்த சீசனில் முதல்முறையாக எங்கள் லோடு எங்கள் பெயரிலேயே வடக்கே போனது.

சில வருடம் கழித்து நாங்கள் நாலு பேரும் காசிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சேட் வற்புறுத்தியதால் நாக்பூரில் இறங்கி அவர் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தது அவருடைய பேத்தி, நாலைந்து வயசுக் குழந்தை. என்னை அண்ணாந்து பார்த்தது. வெடிப்பெட்டியில் பார்த்த முகம் வாசலில் நிற்கிறதே என்று கண் விரிந்தது. சட்டென்று இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி நின்றுவிட்டது. சேட்டின் மருமகள் ஓடிவந்து கையை எடுத்துவிடப் பார்த்தாள். நாங்கள் சாப்பிட்டு முடித்துக் கிளம்புகிற வரைக்கும் அந்தக் குழந்தை விரலை எடுக்கவே இல்லை. நான் அந்த வீட்டில் உரக்க ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை, சத்தியமாக.

திரும்பி வருகிற ரயிலில், மாப்பிள்ளை பெங்களூரில் புதுக் கார் எடுக்கப்போகிறார் என்று பேச்சு வந்தது. நல்ல விஷயமாயிற்றே, நாமும் ஒரு வார்த்தை சொல்வோம் என்று வாயைத் திறந்தேன். "மாப்ள, காருன்னா இஞ்சின்..." என்றேன்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். என் முன்னால் அவர் உட்கார்ந்தபடி பேசியதே கிடையாது, அவ்வளவு மரியாதை. எழுந்து நின்று, லேசாகக் குனிந்து, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டார்.